டவரா, வானமா? அமெரிக்க ஆர்வியில் இணையமும் டிவியும்

ஆர்வி என்று அமெரிக்காவில் அழைக்கும் வீட்டு வண்டிக்கு, அதாவது மோட்டார்ஹோமுக்கு, இணையம் வாங்குவதில் பணம் வீணாவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். வண்டியை எங்கே நிறுத்தப் போகிறோம் என்று யோசிக்கும் முன்பே பெட்டியை வாங்கிவிடுகிறோம். நகரத்தை ஒட்டிய ஆர்வி பார்க்கில் கரண்ட் இணைப்போடு நிற்கும் வண்டிக்குப் பொருந்துவது, யூட்டா பாலைநிலத்தில் பேட்டரியை மட்டும் நம்பி நிற்கும் வண்டிக்குப் பொருந்தாது. எல்லோஸ்டோனின் பைன் மரங்களுக்கு அடியில் இரண்டுமே தோற்கலாம். ஆகவே முதலில் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள். வரும் ஆண்டில் எத்தனை இரவுகள் செல்போன் டவர் எட்டும் இடத்தில் கழியும்? அந்த இரவுகளில் கரண்ட் எங்கிருந்து வரும்?

அடுத்து டேட்டா கணக்கு. நெட்ஃபிளிக்ஸ் தரும் அளவின்படி ஒரு மணி நேரம் பார்க்கச் சாதாரணத் தரத்தில் 1 ஜிபி வரை, எச்டியில் 3 ஜிபி வரை, 4கே தரத்தில் 7 ஜிபி வரை செலவாகும். வேகம் 1080பி தரத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே தரத்துக்கு 15 எம்பிபிஎஸ் போதும். இரவுக்கு 2 மணி நேரம் எச்டி பார்த்தாலே மாதம் 180 ஜிபி ஆகிவிடும். பிள்ளைகளின் டேப்லெட் தனிக் கணக்கு. வண்டியில் இருப்பது 24 அல்லது 32 அங்குலத் திரைதான். அதில் 4கே ஓட்டுவது வீண். நெட்ஃபிளிக்ஸ் கணக்கை பிரவுசரில் திறந்து, உங்கள் புரொஃபைலுக்கான பிளேபேக் அமைப்பில் 'மீடியம்' வைத்தால் மணிக்கு சுமார் 0.7 ஜிபி. அதே 60 மணி நேரம் 42 ஜிபியில் முடிந்துவிடும். டிவியில் செருகி ஆப்களை ஓட்டும் ஃபயர் டிவி ஸ்டிக்கில் 'டேட்டா மானிட்டரிங்' என்ற அமைப்பு இருக்கிறது. அதை இயக்கி வீடியோ தரத்தைக் குறைத்தால் பல ஆப்களுக்கும் சேர்த்துக் கட்டுப்படும். ஐந்து நிமிட வேலை இது. எந்த ஆன்டெனாவும் இவ்வளவு மிச்சம் தராது.

நம்மவர்களுக்கு மட்டும் உள்ள ஒரு கணக்கையும் இங்கே சேர்க்க வேண்டும். ஐபிஎல் மாலை ஆட்டம் இந்திய நேரம் 7:30க்குத் தொடங்கும்போது யூட்டாவில் காலை 8 மணி, கலிஃபோர்னியாவில் காலை 7 மணி. இரவெல்லாம் ஹீட்டர் விசிறியும் ஃபிரிட்ஜும் ஓடி, பேட்டரி இருப்பதிலேயே கீழே கிடக்கும் நேரம் அது. கூரை சோலார் தகட்டில் வெயில் நேராக விழ இன்னும் சில மணி நேரம் ஆகும். இருபது ஓவர் ஆட்டம் மூன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. எச்டியில் 10 ஜிபிக்கு மேல் போய்விடும். கிரிக்கெட்டுக்காக இணையம் வைப்பவர்கள் பேட்டரியை மாலைக் கணக்கில் போடாமல் காலைக் கணக்கில் போடுங்கள்.

பார்க்கின் வைஃபையும் போன் ஹாட்ஸ்பாட்டும்

ஆர்வி பார்க்கில் இலவசமாகத் தரும் வைஃபையை டிவிக்கு நம்ப வேண்டாம். 100 எம்பிபிஎஸ் லைன் ஒன்றை 100 வண்டிகள் பகிர்ந்தால், 20 டிவிகள் எச்டியில் ஓடியதும் லைன் நிரம்பிவிடும். மாலை 7 மணிக்கு மேல் அதுதான் நடக்கும். மின்னஞ்சலுக்கும், விடியற்காலையில் படங்களைத் தரவிறக்கி வைப்பதற்கும் அது நல்லது. ஸ்டிக்கில் லாகின் பக்கம் திறக்காமல் அடம்பிடிப்பது இன்னொரு தொல்லை. சிறிய டிராவல் ரவுட்டர் ஒன்றை, உதாரணமாக ஜிஎல்.ஐநெட் வகை, வைத்திருந்தால் போனில் ஒருமுறை லாகின் செய்தால் போதும். மற்றவை எல்லாம் அந்த ரவுட்டரோடு ஒட்டிக்கொள்ளும்.

ஒரு வாரம் வாடகை வண்டி எடுப்பவர்களுக்குப் போன் ஹாட்ஸ்பாட்டே சரியான தேர்வு. ஆனால் 'அன்லிமிடெட்' என்ற சொல்லை நம்பிப் போகாதீர்கள். போனுக்குள் பார்க்கும் டேட்டா வேறு, ஹாட்ஸ்பாட் டேட்டா வேறு. ஹாட்ஸ்பாட் ஒதுக்கீடு தீர்ந்தால் வேகம் டிவிக்கு உதவாத அளவுக்கு இறங்கிவிடும். விலை குறைந்த திட்டங்களில் வீடியோவை 480பி தரத்திலேயே நிறுத்திவிடுவார்கள். கிளம்பும் முன் திட்டத்தில் மூன்றைத் தேடிப் பாருங்கள்: ஹாட்ஸ்பாட் ஜிபி எவ்வளவு, வீடியோ தர வரம்பு என்ன, நெரிசலில் பின்னுக்குத் தள்ளப்படுவது எத்தனை ஜிபிக்குப் பிறகு. ஐபோன் 12 முதல் வந்த போன்கள் ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸில் தருகின்றன. பழைய ஸ்டிக்குகளுக்கு அது கண்ணில் படாது. ஹாட்ஸ்பாட் அமைப்பில் 'மேக்ஸிமைஸ் கம்பேட்டிபிலிட்டி' என்பதை இயக்கினால் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கும். போன் வைத்திருப்பவர் நடைப்பயிற்சிக்குப் போனால் டிவி நின்றுவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய போன் ஒன்றில் தனி சிம் போட்டு ஜன்னலோரம் வைத்துவிட்டால் அந்தச் சிக்கல் தீரும்.

செல்லுலார் ரவுட்டர்

வருடத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் வண்டியில் இருப்பவர்கள், பெரும்பாலும் டவர் எட்டும் இடங்களில் தங்குபவர்கள், முதலில் வாங்க வேண்டியது, சிம் போட்டு டவரிலிருந்து இணையம் வாங்கி வைஃபையாகத் தரும் இந்த ரவுட்டரைத்தான். பெப்லிங்க், டெல்டோனிகா போன்றவற்றின் வண்டி ரவுட்டர்கள் 12 வோல்ட்டில் நேராக ஓடும். பெரும்பாலானவற்றில் இரண்டு சிம் இடங்கள் உண்டு. வெரைசன், ஏடி அண்ட் டி, டி-மொபைல் மூன்றில் ஏதாவது இரண்டின் சிம் போடுங்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு சிம் போட்டால் ஒரு பள்ளத்தாக்கில் இரண்டும் சேர்ந்தே சாகும்.

வாங்கும்போது அதனுள் இருக்கும் மோடம் எந்த பேண்டுகளை, அதாவது அலைவரிசைப் பகுதிகளை, பிடிக்கிறது என்று பார்ப்பது விலையைப் பார்ப்பதைவிட முக்கியம். ஊர்ப்புறத்தில் தூரம் எட்டுவது தாழ்ந்த அலைவரிசைகள்தான்: டி-மொபைலுக்கு 600 மெகாஹெர்ட்ஸில் பேண்டு 71, வெரைசனுக்கு 700 மெகாஹெர்ட்ஸில் பேண்டு 13. பேண்டு 71 இல்லாத பழைய ஹாட்ஸ்பாட் பெட்டியை மலிவாக வாங்கினால், நகரத்தில் பறக்கும். ஊரைத் தாண்டியதும் 'சர்வீஸ் இல்லை' என்று காட்டும்.

கூரை ஆன்டெனா தேவையா என்பது வண்டியின் உடலைப் பொறுத்தது. அலுமினியத் தோல் போர்த்திய ஏர்ஸ்ட்ரீம் போன்றவற்றில் சிக்னல் உள்ளே வருவது கடினம்; அங்கே கூரை ஆன்டெனா கட்டாயம். ஃபைபர்கிளாஸ் சுவர் வண்டியில் ரவுட்டரை டவர் பக்க ஜன்னலில் வைத்தாலே பல நேரம் அதே வேகம் கிடைத்துவிடும். ஆன்டெனா போடுவதென்றால் நான்கு கேபிள் கொண்ட 4x4 வகையைப் போடுங்கள்; கேபிளைக் குறுக்குங்கள். எல்எம்ஆர்-200 என்ற ஆன்டெனா கேபிளில் 2 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் மீட்டருக்கு ஏறத்தாழ அரை டெசிபல் இழக்கும். 5 மீட்டரில் இரண்டரை டெசிபல் போச்சு. 3 டெசிபல் என்றாலே சக்தி பாதி என்பதால், விலை கொடுத்து வாங்கிய ஆன்டெனாவின் பயன் கேபிளிலேயே கரைந்துவிடும். ரவுட்டரை டிவி அலமாரியில் வைக்காமல், ஆன்டெனாவுக்கு நேர் கீழே கூரையோர அலமாரியில் வைப்பதற்குக் காரணம் இதுதான்.

சிக்னல் பூஸ்டரை டிவிக்காக வாங்க வேண்டாம். இதில் எங்களுக்குத் தயக்கமே இல்லை. ஓடும் வண்டிகளில் பயன்படுத்தும் பூஸ்டருக்கு அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி விதித்த உச்சவரம்பு 50 டெசிபல். அது சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்குகிறது. அதோடு, ரவுட்டர் நான்கு பாதைகளில் வாங்கும் டேட்டாவைப் பூஸ்டர் ஒரே பாதைக்குள் அடைத்துவிடுகிறது. போன் திரையில் சிக்னல் கம்பிகள் கூடும், வேகம் குறையும். ஒற்றைக் கம்பி இடத்தில் அவசர அழைப்பு பேசவேண்டும் என்றால் மட்டும் அதற்கு மதிப்பு உண்டு.

சிக்னலைக் கம்பிகளால் அளக்காதீர்கள். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் டவர் சிக்னலின் வலிமையைக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி என்ற எண் இருக்கும். -80 என்றால் அருமை. -100 என்றால் ஒப்பேற்றலாம். -115ஐத் தாண்டினால் எச்டியை மறந்துவிடலாம். எண் நன்றாக இருந்தும் மாலையில் மட்டும் வீடியோ நின்று நின்று வந்தால், அது டவர் நெரிசல், ஆன்டெனாவால் தீராது. ஜனவரியில் அரிசோனாவின் குவார்ட்ஸைட்டில் ஆர்விகள் குவியும்போது நடப்பது இதுவே. ரவுட்டரில் வேறு பேண்டைப் பூட்டிப் பாருங்கள், அல்லது அடுத்த சிம்முக்கு மாறுங்கள்.

ஸ்டார்லிங்க்

ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் வழியாக இணையம் தருகிறது. டவர் இல்லாத இடத்தில் இதற்கு ஈடான வேறொன்று இன்று இல்லை. 2022 மேயில் ஆர்விகளுக்கென்று வந்த திட்டம் இப்போது ரோம் (Roam) என்ற பெயரில் இருக்கிறது. அளவான ஜிபியோடு ஒன்று, வரம்பில்லாமல் ஒன்று என்று பிரித்து விற்கிறார்கள். விலையும் ஜிபி அளவும் அடிக்கடி மாறியிருக்கின்றன. வாங்கும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பகுதியில் நெரிசல் வந்தால் ரோம் சந்தாதாரர்கள் வீட்டுச் சந்தாதாரர்களுக்குப் பின்னால்தான் நிற்பார்கள் என்பது மட்டும் மாறாதது.

தேர்வு இரண்டு ஆன்டெனாத் தட்டுகளுக்கு இடையில். ஸ்டாண்டர்டு தட்டு 594க்கு 383 மில்லிமீட்டர், 2.9 கிலோ, சராசரியாக 75 முதல் 100 வாட் இழுக்கும். மினி 299க்கு 259 மில்லிமீட்டர், 1.1 கிலோ; 25 முதல் 40 வாட். ரவுட்டர் மினியின் உள்ளேயே இருக்கிறது. 12 முதல் 48 வோல்ட் டிசியில் ஓடும். ஸ்டாண்டர்டில் வேகம் கூடுதல். ஆனால் இரண்டு டிவி ஓட மினியின் வேகம் தாராளம். நாள் முழுக்க ஓடவிட்டால் மினிக்கு சுமார் 720 வாட்-மணி. ஸ்டாண்டர்டுக்கு 1,800க்கு மேல். இன்வெர்ட்டர் வழியாகக் கொடுத்தால் அதற்கும் மேல் பத்துப் பதினைந்து சதவீதம் வெப்பமாகப் போகும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் மொத்தம் இருப்பதே 1,280 வாட்-மணி. கரண்ட் இணைப்பு இல்லாமல் நிற்பவர்கள் மினியைத்தான் எடுக்க வேண்டும். எப்போதும் பார்க்கில் நிற்கும் வண்டியில், வீடியோ மீட்டிங்கோடு வேலை பார்க்கும் இருவர் இருந்தால் ஸ்டாண்டர்டு.

மினி வாங்குபவர்கள் அதிகம் தவறுவது ஒயரில். பெட்டியோடு வரும் அடாப்டர் 30 வோல்ட் தருகிறது. கூட வரும் 15 மீட்டர் கேபிள் அந்த 30 வோல்ட்டை நினைத்துச் செய்தது. அதன் நுனியை வெட்டி 12 வோல்ட் பேட்டரியில் செருகினால், தட்டு தொடங்கும், செயற்கைக்கோளைத் தேடும், அணையும், மறுபடி தொடங்கும். காரணத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உச்சத்தில் 60 வாட் என்றால் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர். 18 கேஜ் ஒயரில் 5 மீட்டர் தூரத்துக்குப் போக வர 10 மீட்டர். தடை சுமார் 0.21 ஓம். ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே விழுந்துவிடும். பேட்டரி 12.2 வோல்ட்டில் இருக்கும் காலை நேரத்தில் தட்டுக்கு 11.2தான் போய்ச் சேரும். அதற்குத் தேவை 12.

சரியான வழி இது. பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் ஃப்யூஸ், அதிலிருந்து 14 கேஜ் ஒயரில் பக்கத்திலேயே 12லிருந்து 24 அல்லது 30 வோல்ட்டுக்கு ஏற்றும் 100 வாட் கன்வெர்ட்டர், அதன் வெளிப்பக்கம் ஒரு சுவிட்ச், அங்கிருந்து மினியின் கேபிள். வோல்ட் இரட்டிப்பானால் ஆம்பியர் பாதியாகும், ஒயரில் விழும் வோல்ட்டும் பாதியாகும். இழந்தது போக மிஞ்சுவதும் 12க்கு வெகு மேலே நிற்கும். யூஎஸ்பி-சி பவர் பேங்கில் ஓட்ட நினைத்தால் அது 20 வோல்ட், 5 ஆம்பியர் தரும் 100 வாட் வகையாக இருக்க வேண்டும். விமானத்தில் அனுமதிக்கும் 99 வாட்-மணி பேங்க் சுமார் 3 மணி நேரம் தாங்கும். ஆட்டத்தின் கடைசி ஓவர்களுக்கு முன் தீர்ந்துவிடும்.

தட்டைக் கூரையில் பொருத்துவதா, தரையில் வைப்பதா? நாங்கள் தரை என்போம். கோடையில் நிழலில்தான் வண்டியை நிறுத்துவோம்; தட்டுக்கு வேண்டியதோ திறந்த வானம். கூரையில் அறைந்துவிட்டால் நிழலா, நெட்டா என்று ஒவ்வொரு முறையும் சண்டை. 15 மீட்டர் கேபிள் இருந்தால் வண்டி மரத்தடியில், தட்டு வெட்டவெளியில். ஓடும்போதும் பின்சீட்டில் படம் ஓட வேண்டும் என்பவர்கள் மட்டும் கூரையில் பொருத்தலாம். வைக்கும் முன் ஸ்டார்லிங்க் ஆப்பில் தடை சோதனையைத் திறந்து வானத்தைச் சுற்றி ஒருமுறை படம்பிடியுங்கள். அமெரிக்காவில் அது பெரும்பாலும் வடக்கு நோக்கித்தான் சாயச் சொல்லும். ஒரே ஒரு கிளை குறுக்கே இருந்தாலும் நிமிடத்துக்குச் சில விநாடிகள் அறுபடும். நெட்ஃபிளிக்ஸ் முன்கூட்டியே சேர்த்து வைப்பதால் அது தெரியாது. நேரலை ஆட்டத்துக்கும் வீடியோ அழைப்புக்கும் சேமிப்பு குறைவு என்பதால் அங்கே திக்கித் திணறும். 'படம் நன்றாக ஓடுகிறது, மேட்ச் மட்டும் நிற்கிறது' என்றால் மரத்தைப் பாருங்கள்.

ஆன்டெனாவும் டிஷ்ஷும்

பல ஆர்விகளின் கூரையில் உள்ளூர் டிவி நிலையங்களைப் பிடிக்கும் வைன்கார்டு ஆன்டெனா ஏற்கெனவே இருக்கும். அதைப் பலர் தொடுவதே இல்லை, அது வருத்தம். ஊருக்கு அருகில் நிற்கும்போது உள்ளூர்ச் சேனல்கள் எச்டியில் இலவசம், ஒரு ஜிபி செலவில்லை. சூறாவளி எச்சரிக்கையும் காட்டுத்தீச் செய்தியும் நீங்கள் நிற்கும் மாவட்டத்துக்கு உரியதாக வருவது இதில்தான். ஸ்டார்லிங்கில் பார்க்கும் நேரலை டிவி ஆப், இணைய முகவரியை வைத்து உங்களை வேறு நகரத்தில் இருப்பதாக எண்ணிக்கொள்ளக்கூடும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் சேனல் ஸ்கேன் செய்ய வேண்டும். சுவரில் சிறு விளக்கோடு ஒரு பட்டன் இருக்கும், அது ஆன்டெனாவின் ஆம்ப்ளிஃபையர். ஆன்டெனாவுக்கு அது எரிய வேண்டும், பார்க்கின் கேபிள் இணைப்புக்கு அணைய வேண்டும். 'ஒரு சேனலும் வரவில்லை' என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பட்டனைத்தான்.

செயற்கைக்கோள் டிவி, அதாவது டிஷ் நிறுவனத்தின் வாலி ரிசீவரும் தானாகத் திரும்பும் டிஷ்ஷும், நாள் முழுக்க அமெரிக்கச் செய்தியும் விளையாட்டும் ஓடவிடுபவர்களுக்கு இன்னும் பொருந்தும். டேட்டா செலவில்லை. மற்றவர்கள் புதிதாக வாங்கக் காரணம் இல்லை. அது தெற்கு வானத்தைப் பார்க்கும் என்பதால், ஸ்டார்லிங்குக்கு நல்ல இடம் அதற்கும் நல்ல இடமாக இருக்க வேண்டியதில்லை.

வண்டிக்கேற்ற தேர்வு

வாடகை வண்டியில் ஒரு வாரம்: போன் ஹாட்ஸ்பாட், டிராவல் ரவுட்டர், வீட்டிலேயே தரவிறக்கிய படங்கள் நிறைந்த டேப்லெட். பல வாடகை வண்டிகளில் இன்வெர்ட்டர் கிடையாது. ஜெனரேட்டரோ வெளி இணைப்போ இல்லாமல் சுவர் பிளக்கில் கரண்ட் வராது. தேசியப் பூங்கா முகாம்களில் இரவில் ஜெனரேட்டர் ஓட்ட அனுமதியும் இல்லை. மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்க் பக்கம் போவதென்றால் தரவிறக்கம் மட்டுமே துணை. ரேடியோ தொலைநோக்கிகளுக்காக 1958ல் வகுத்த அமைதி மண்டலம் அது, செல் சிக்னலை எதிர்பார்க்க முடியாது.

சொந்த வண்டி, பெரும்பாலும் பார்க்குகள்: செல்லுலார் ரவுட்டர், இரண்டு சிம். டவர் எட்டும் வரை ஸ்டார்லிங்க் தேவையில்லை.

சொந்த வண்டி, மாதக்கணக்கில் பொது நிலங்களில்: மினி முதன்மை, செல்லுலார் ரவுட்டர் துணை. மினியின் ஈதர்நெட்டை ரவுட்டரில் வெளி இணையம் நுழையும் துளையில் (WAN) செருகி, டவர் வேகம் நன்றாக உள்ள இடத்தில் சிம்முக்கு முதலிடமும், மற்ற இடங்களில் ஸ்டார்லிங்குக்கு முதலிடமும் கொடுங்கள். ஒன்று அறுந்தால் மற்றது தானாக ஏறும். ஒரு மாலையின் செலவு: மினி 30 வாட், ரவுட்டர் 10, 12 வோல்ட் டிவி 30, ஸ்டிக் 4. நான்கு மணி நேரத்துக்கு 300 வாட்-மணிக்குள். அதே மாலை ஸ்டாண்டர்டு தட்டும் இன்வெர்ட்டருமாகப் போனால் 580ஐத் தொடும். 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில் கெடுக்காமல் எடுக்க முடிவதே சுமார் 600தான்.

சந்தாக்களில் ஒரு பொறி உண்டு. ஹுலுவின் நேரலை டிவி வீட்டு இணைப்போடு கட்டப்பட்டது. நகரும் வண்டியின் டிவிக்கு ஏற்றதல்ல. யூடியூப் டிவி எங்கும் ஓடும், ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது சொந்த ஊரிலிருந்து திறக்கச் சொல்லும். நெட்ஃபிளிக்ஸ் வண்டி டிவியை 'உங்கள் வீட்டைச் சேர்ந்ததல்ல' என்று நிறுத்தினால், கணக்கின் மின்னஞ்சலுக்கோ போனுக்கோ வரும் குறியீட்டைப் போட வேண்டும்; கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பயணத்தில் கூட இருந்தால் நல்லது.

ஸ்டிக் அடிக்கடி தானாக அணைந்து எழுந்தால் பழியை இணையத்தின்மேல் போடாதீர்கள். டிவியின் யூஎஸ்பி துளை பெரும்பாலும் அரை ஆம்பியர்தான் தரும்; ஸ்டிக்குக்கு ஒரு ஆம்பியராவது வேண்டும். 12 வோல்ட் யூஎஸ்பி சார்ஜரிலிருந்து தனி ஒயர் கொடுங்கள். டிவியே அணைந்தால், சார்ஜ் ஏறும்போது பேட்டரி 14.4 வோல்ட் வரை போவதை அது தாங்கவில்லை என்று பொருள். 12 வோல்ட்டில் நிலைநிறுத்தும் சிறு கன்வெர்ட்டர் அதற்கு மருந்து.

கடைசியாக, வண்டி ரவுட்டருக்கு வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையுமே வைத்துவிடுங்கள். ஸ்டிக், டேப்லெட், பாட்டியின் போன் எல்லாம் ஏறியதும் தானாக ஒட்டிக்கொள்ளும். எதையும் மறுபடி அமைக்க வேண்டாம். திரும்பி வந்து வீட்டு வாசலில் நிறுத்தியதும் மட்டும் வண்டி ரவுட்டரை மறக்காமல் அணையுங்கள். இல்லையென்றால் வீட்டுக்குள் உட்கார்ந்து பார்க்கும் டேப்லெட் வண்டி சிம்மின் டேட்டாவைத் தின்றுகொண்டிருக்கும்.